சர்வரை நிறுத்தினோம், மீட்டர் நிற்கலை!



மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிந்த அன்று சாயங்காலம் நாங்க நாலு பேரும் செய்த முதல் வேலை, கிளவுடில் ஓடிக்கிட்டு இருந்த ரெண்டு சர்வரையும் நிறுத்தினதுதான். ஸ்டேட்டஸ் 'ஸ்டாப்டு'ன்னு மாறுச்சு. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டுட்டு, நிம்மதியா டீ குடிக்கப் போயிட்டோம். 54 நாள் கழிச்சு டீம்ல ஒருத்தனோட அப்பாகிட்ட இருந்து போன். "ஏன்டா, என் கார்டுல இருந்து ரெண்டு மாசமா ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி பேர்ல பணம் போகுதே, என்ன வாங்கின?"

உள்ளே போய்ப் பார்த்தா, சர்வர் ரெண்டும் நின்னுதான் இருக்கு. ஓடிக்கிட்டு இருந்தது வேற. அவங்களுக்கு முன்னாடி நாங்க வச்சிருந்த ரெண்டு நேட் கேட்வே. எல்லாத்தையும் அழிச்சு முடிக்கும்போது வரியோட சேர்த்து மொத்தக் கணக்கு கிட்டத்தட்ட 13,000 ரூபாய். ஆளுக்கு 3,250 போட்டு அவரிடம் கொடுத்தோம். ரெண்டு பேர் அதுக்குக் கடன் வாங்கினாங்க.

தப்பு எங்களோடதுதான். விலைப்பட்டியல் யாரும் ஒளிச்சு வைக்கலை, நாங்கதான் படிக்கலை. ஆனா ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. நாங்க நாலு பேருமே கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பரை நல்ல மார்க்கோட தாண்டினவங்க. நேட் எப்படி வேலை செய்யுதுன்னு 13 மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதினவங்க. அந்தப் படத்துல அம்புக்குறி போடக் கத்துக்கிட்டோம். அந்த அம்புக்குறி மேல விலை எழுத யாரும் கத்துத் தரலை, நாங்களும் கேட்கலை.

என் கருத்து இதுதான்: கிளவுடில் விலையும் டிசைன்ல ஒரு பகுதி. விலை எழுதாத நெட்வொர்க் டயகிராம் பாதி டயகிராம். அதை ரிவ்யூவில் ஏத்துக்கவே கூடாது.

மண்டபக் கணக்கு

முதல்ல, பில் எப்படி வருதுன்னு பார்ப்போம். நம்ம ஊர்ல கல்யாண மண்டபம் பிடிச்சவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். மண்டப வாடகை ஒண்ணு. கரண்ட் எத்தனை யூனிட் ஓடுச்சோ அது தனி. சுத்தம் பண்ற காசு தனி. கூட்டமே வரலைன்னாலும் வாடகை வாடகைதான்.

நேட் கேட்வேயும் அப்படித்தான். அதுக்கு ரெண்டு மீட்டர். ஒண்ணு மணிக்கணக்கு: கேட்வேயை உருவாக்கின நிமிஷத்துல இருந்து அழிக்கிற வரைக்கும் ஓடும். ஒரு பாக்கெட் கூடப் போகலைன்னாலும் ஓடும். ஒரு மணி நேரத்துல பத்து நிமிஷம் இருந்தாலும் முழு மணி நேரமாகவே கணக்கு. இன்னொண்ணு ஜிபி கணக்கு: அது வழியா எவ்வளவு டேட்டா போகுதோ வருதோ, ஒவ்வொரு ஜிபிக்கும் காசு.

அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில் வடக்கு வர்ஜீனியா ரீஜனை எடுத்துக்குவோம். மணிக்கு 0.045 டாலர், ஜிபிக்கு 0.045 டாலர். மைக்ரோசாஃப்ட் அஸூரின் நேட் கேட்வேயும் இதே 0.045, 0.045தான். கேட்கும்போது சில்லறைக் காசு மாதிரி இருக்கும். ஆனா மாசத்துக்கு 730 மணி நேரம். பெருக்கினா 32.85 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய்னு வச்சுக்கிட்டா சுமார் 2,800 ரூபாய். இது சும்மா இருக்கிற ஒரே ஒரு கேட்வேக்கு. 'ஒரு ஜோன் விழுந்தாலும் இன்னொண்ணு தாங்கணும்'னு டுடோரியல் சொல்றபடி மூணு அவைலபிலிட்டி ஜோன்ல மூணு வச்சா, 98.55 டாலர். இதுக்கு மேல 18% ஜிஎஸ்டி.

இதுல நம்ம ஆளுங்க விழற முதல் குழி எதுன்னா, சர்வரை நிறுத்தினா எல்லாம் நின்னுடும்ங்கிற நம்பிக்கை. சர்வர் வேற, கேட்வே வேற. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போயிட்டாங்கன்னு மண்டப வாடகை நிக்குமா? சாவியைத் திருப்பிக் கொடுக்கணும். கேட்வேயை அழிச்சாலும் அதோட ஒட்டியிருந்த எலாஸ்டிக் ஐபி தானா போகாது, அதைத் தனியா விடுவிக்கணும். 2024 பிப்ரவரி 1 முதல் ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குது. பயன்படுத்தினாலும் சரி, சும்மா வச்சிருந்தாலும் சரி. மாசத்துக்கு ஒரு முகவரிக்கு 3.65 டாலர்.

'உள்ளே வர்றது ஃப்ரீ' உண்மைதான், ஆனா...

கிளவுட் பத்தி எல்லா செமினாரிலும் ஒரு ஸ்லைடு இருக்கும்: உள்ளே வரும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை, வெளியே போகும் டேட்டாவுக்கு மட்டும்தான். அது உண்மைதான். இன்டர்நெட்டில் இருந்து நேரா பப்ளிக் சப்நெட்ல இருக்கிற சர்வருக்கு வந்தா காசு இல்லை. வெளியே போறதிலும் மாசம் முதல் 100 ஜிபி இலவசம். அதுக்கு மேல வர்ஜீனியாவில் ஜிபிக்கு 0.09 டாலர், மும்பையில் 0.1093 டாலர்.

ஆனா அதே டேட்டா நேட் கேட்வே வழியா உள்ளே வந்தா? ஜிபி மீட்டர் திசை பார்க்காது. உங்க பிரைவேட் சப்நெட்ல இருக்கிற சர்வர் ஒரு டாக்கர் இமேஜை இழுக்குது, பைத்தான் பேக்கேஜ் எல்லாம் இன்ஸ்டால் பண்ணுது, டேட்டாசெட் இறக்குது. எல்லாமே 'உள்ளே வர்ற' டேட்டாதான். எல்லாத்துக்கும் 0.045.

இதை விடக் கொடுமை ஒண்ணு இருக்கு. உங்க டேட்டாசெட் அதே ரீஜன்ல எஸ்3-ல இருக்குன்னு வச்சுக்கோங்க. அதே ரீஜனுக்குள்ள சர்வருக்கும் எஸ்3-க்கும் நடுவில் டேட்டா போக்குவரத்து இலவசம். ஆனா சர்வர் பிரைவேட் சப்நெட்ல இருந்து, ரூட் டேபிள்ல 'எல்லாம் நேட் கேட்வேக்குப் போ'ன்னு ஒரே வரி இருந்தா, எஸ்3-க்குப் போறதும் அந்த வழியாத்தான் போகும். 1,000 ஜிபி படிச்சா 45 டாலர். பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு டோல்கேட் சுத்திப் போன கதை.

இதுக்கு மருந்து ரொம்ப எளிது. எஸ்3-க்கும் டைனமோடிபிக்கும் 'கேட்வே எண்ட்பாயிண்ட்'னு ஒண்ணு இருக்கு. மணி வாடகையும் இல்லை, ஜிபி கணக்கும் இல்லை. அதை உருவாக்கி நம்ம ரூட் டேபிளோட இணைச்சா போதும், எஸ்3-க்குப் போறதுக்குத் தனி வழி வந்துடும். லாங்கஸ்ட் பிரிஃபிக்ஸ் மேட்ச்னு படிச்சோமே, அதேதான்! அந்த ரெண்டு மார்க் கேள்விக்கு மாசம் 45 டாலர் மதிப்பு இருக்குன்னு அன்னைக்குத் தெரியாமப் போச்சு.

ஒரே வேலை, மூணு பில்

சொன்னதை எண்ணில் போட்டுப் பார்ப்போம். ரெண்டு ஜோன்ல ரெண்டு சர்வர். மாசம் 500 ஜிபி அதே ரீஜன் எஸ்3-ல இருந்து படிக்குது. 100 ஜிபி இன்டர்நெட்ல இருந்து இறக்குது. 50 ஜிபி வெளியே அனுப்புது. வர்ஜீனியா விலை. சர்வர் வாடகையும் வரியும் இதில் சேரலை.

முதல் டிசைன்: ஜோனுக்கு ஒண்ணா ரெண்டு நேட் கேட்வே, எல்லாமே அது வழியா. மணி வாடகை 65.70, ஜிபி கட்டணம் 650 ஜிபிக்கு 29.25, ரெண்டு ஐபிவி4-க்கு 7.30. மொத்தம் 102.25 டாலர். நம்ம காசுல சுமார் 8,690 ரூபாய்.

ரெண்டாவது டிசைன்: ஒரே நேட் கேட்வே, கூடவே எஸ்3-க்கு இலவச எண்ட்பாயிண்ட். மணி வாடகை 32.85, 150 ஜிபிக்கு 6.75, ஐபிவி4-க்கு 3.65. இன்னொரு ஜோன்ல இருக்கிற சர்வரோட டேட்டா ஜோன் தாண்டி வரணும். அதுக்கு ஜிபிக்கு ஒவ்வொரு பக்கமும் 0.01 வீதம், 75 ஜிபிக்கு 1.50. மொத்தம் 44.75 டாலர். சுமார் 3,800 ரூபாய்.

மூணாவது டிசைன்: நேட் கேட்வேயே வேண்டாம். சர்வர்களை பப்ளிக் சப்நெட்ல வச்சு, இன்டர்நெட் கேட்வே வழியா வெளியே விடறோம். இன்டர்நெட் கேட்வேக்குக் கட்டணம் கிடையாது. செக்யூரிட்டி குரூப்பில் வெளியே இருந்து உள்ளே வர்ற எல்லா போர்ட்டையும் மூடிடறோம். ஐபிவி4 ரெண்டுக்கு 7.30 டாலர். சுமார் 620 ரூபாய்.

8,690, 3,800, 620. சர்வர் செய்யற வேலை மூணிலும் ஒண்ணுதான். மார்க்கும் ஒண்ணுதான் வரும்!

"அப்போ பிரைவேட் சப்நெட்டே வேஸ்ட்டா ப்ரோ?"ன்னு கேட்பீங்க. இல்லை. ஒரு பேங்க்கோட டேட்டாபேஸுக்கு மூணாவது டிசைனை யாராவது காட்டினா நானே எந்திரிச்சு ஓடிடுவேன். செக்யூரிட்டி குரூப்ல ஒருத்தர் அவசரத்துல ஒரு போர்ட்டைத் திறந்து விட்டாலும் பிரைவேட் சப்நெட் இன்னொரு சுவரா நிக்கும். அந்தச் சுவருக்குக் காசு கொடுக்கறது நியாயம்தான். ஆனா ரிவ்யூவுக்காக ரெண்டு வாரம் ஓடப்போற அட்டெண்டன்ஸ் ஆப்புக்கு அந்தச் சுவர் வேணுமான்னு கேட்கறதுதான் இன்ஜினியர் வேலை. விலை தெரியாம அந்தக் கேள்வியே வராது. டுடோரியலில் இருந்துச்சு, நாமும் வச்சோம்னு முடிஞ்சிடும்.

கம்பெனி பக்கமும் பேசுவோம்

ஒருதலைப்பட்சமா பேசக் கூடாது. நேட் கேட்வேக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கறதை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாம நாமே ஒரு குட்டி சர்வரை நேட் மெஷினா மாத்தி வைக்கலாம். டி4ஜி நானோன்னு ஒரு சின்ன மெஷின் மணிக்கு 0.0042 டாலர்தான், மாசம் சுமார் 3 டாலர். ஆனா அதுக்கு பேட்ச் போடணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அது படுத்தா நாம எந்திரிக்கணும். கேட்வே அப்படி இல்லை. டிராஃபிக் ஏறினா தானா 100 ஜிபிபிஎஸ் வரைக்கும் விரியும். நமக்குப் பதிலா வேற யாரோ முழிச்சுக்கிட்டு இருக்காங்க, அவங்க சம்பளம் அந்த வாடகையில இருக்கு.

என் சண்டை ரெண்டு இடத்துல.

ஒண்ணு, ஜிபி கட்டணம். வெளியே போற டேட்டாவுக்கு அளவு கூடக் கூட விலை படிப்படியா இறங்கும். நேட் கேட்வேயோட ஜிபி கட்டணத்துல அந்தப் படிக்கட்டு இல்லை. முதல் ஜிபிக்கும் 0.045, பத்தாயிரமாவது ஜிபிக்கும் 0.045. அது போக, அந்த ஜிபி இன்டர்நெட்டுக்குப் போனா டேட்டா டிரான்ஸ்ஃபர் கட்டணமும் தனியா விழும். ஒரே ஜிபி, ரெண்டு தடவை டிக்கெட்.

ரெண்டு, மணி வாடகையோட வடிவம். சின்ன ஆளுக்கும் பெரிய ஆளுக்கும் ஒரே வாடகை. இப்படித்தான் இருக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்லை. கூகுள் கிளவுடைப் பாருங்க. அங்கே ஜிபி கட்டணம் அதே 0.045தான். ஆனா மணிக் கட்டணம் எத்தனை மெஷின் அந்த நேட்டைப் பயன்படுத்துதோ அதைப் பொறுத்தது. ஒரு மெஷினுக்கு மணிக்கு 0.0014 டாலர், 32 மெஷினைத் தாண்டினா 0.044-ல நின்னுடும். ஒரே ஒரு மெஷின் வச்சிருக்கிற மாணவனுக்கு மாசம் சுமார் 1 டாலர். மத்த இடத்துல 32.85. தொழில்நுட்பம் ஒண்ணுதான், விலை போடற மனசு வேற.

விலை இயற்கை விதி இல்லைங்கிறதுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு. கிளவுடை விட்டு மொத்தமா வெளியேறணும்னா, டேட்டாவை எடுத்துட்டுப் போறதுக்கே பெரிய பில் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 'டேட்டா ஆக்ட்'னு ஒரு சட்டம் கொண்டு வந்தது. 2024 ஜனவரியில் அமலுக்கு வந்து, 2025 செப்டம்பர் 12 முதல் பொருந்துது. 2027 ஜனவரி 12-க்குப் பிறகு இப்படி மாறிப் போறதுக்குக் கட்டணம் வாங்கவே கூடாதுன்னு சொல்லுது. சட்டம் முழுசா பொருந்தறதுக்கு முன்னாடியே, 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும், விட்டுப் போறவங்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்றோம்னு அறிவிச்சாங்க. ஆக, கேட்கிற இடத்துல இருந்து கேட்டா விலை மாறும். ஆனா எதைக் கேட்கணும்னு தெரிஞ்சவங்கதான் கேட்க முடியும். நாளைக்கு அந்த மேஜையில உட்காரப் போறவங்கள்ல நாமும் இருப்போம். பில்லைப் படிக்கத் தெரியாத இன்ஜினியரால் பேரம் பேச முடியாது.

ஐபிவி6 பாடத்தைத் தாண்டிப் போனவங்களுக்கு

இன்னொண்ணு. நேட்டே ஏன் வந்துச்சு? ஐபிவி4-ல 32 பிட், சுமார் 430 கோடி முகவரிதான். அது பத்தாதுன்னு 1990-களிலேயே தெரிஞ்சு போச்சு. ஒரு முகவரிக்குப் பின்னாடி பல மெஷினை ஒளிச்சு வைக்கிற ஒட்டுவேலைதான் நேட். 2011 பிப்ரவரியில் உலக அளவிலான ஐபிவி4 இருப்பு தீர்ந்தே போச்சு. இன்னைக்கு அந்தப் பற்றாக்குறைக்குத்தான் முகவரி வாடகையா ஒரு தடவை, நேட் வாடகையா ஒரு தடவைன்னு கட்டிக்கிட்டு இருக்கோம்.

ஐபிவி6-ல ஏடபிள்யூஎஸ் 'எக்ரெஸ் ஒன்லி இன்டர்நெட் கேட்வே'ன்னு ஒண்ணு தருது. உள்ளே இருந்து வெளியே பேசலாம், வெளியே இருந்து யாரும் உள்ளே பேச்சைத் தொடங்க முடியாது. பிரைவேட் சப்நெட்டுக்கு நேட் கேட்வே தர்ற அதே பாதுகாப்பு. அந்தக் கேட்வேக்குக் கட்டணம் இல்லை. எல்லாத் தளமும் ஐபிவி6-ல பேசாதுங்கறதால இது மட்டுமே போதும்னு சொல்ல முடியாது. ஆனா பேசற தளங்களுக்கான டிராஃபிக்கை இந்த வழியில் விட்டாலே ஜிபி மீட்டர் மெதுவாகும். 'அது எக்ஸாமுக்கு வராது'ன்னு நாம கிழிச்சுப் போட்ட யூனிட், பில்லுல வந்து நிக்குது.

இனி என்ன செய்யலாம்?

ஜூனியர்ஸ், உங்களுக்கு நாலு விஷயம். கார்டு நம்பர் போடறதுக்கு முன்னாடி பட்ஜெட் அலாரம் வைங்க. ஆனா அலாரம் கத்தும், அவ்வளவுதான். கேட்வேயை அது அழிக்காது. பில் விவரமும் உடனுக்குடன் வராது, சில மணி நேரம் பின்தங்கித்தான் வரும். டுடோரியலைப் பார்த்து எதை உருவாக்கினாலும், எதையெல்லாம் அழிக்கணும்னு அதே நோட்டுல எதிர்ப்பக்கம் எழுதிக்கிட்டே வாங்க. வேலை முடிஞ்சதும் சர்வர் பக்கத்தை மட்டும் பார்க்காம பில்லிங் பக்கத்தையும் பாருங்க, மறுநாள் ஒரு தடவை கூட. விலைகள் மாறும், அதனால இந்தக் கட்டுரையில் இருக்கிற எண்ணை நம்பாம அன்னைக்கு விலைப்பக்கத்தைத் திறந்து பாருங்க.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நெட்வொர்க்ஸ் லேபில் ஒரே ஒரு எக்சர்சைஸ் சேருங்க. கிளவுட் அக்கவுண்ட் கூடத் தேவையில்லை, காகிதமும் கால்குலேட்டரும் போதும். ஒரு டயகிராம் கொடுங்க. ஒவ்வொரு அம்புக்குறி மேலயும் மணிக்கு எவ்வளவு, ஜிபிக்கு எவ்வளவுன்னு எழுதச் சொல்லுங்க. பிறகு அதே வேலையைப் பாதி விலையில் செய்ய டிசைனை மாத்தச் சொல்லுங்க. ப்ராஜெக்ட் ரிவ்யூ ஃபார்மில் 'மாத பில் மதிப்பீடு'ன்னு ஒரு கட்டம் சேருங்க. வைவாவில் "இந்த கேட்வே ஏன் இங்கே இருக்கு, மாசம் எவ்வளவு?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. நாங்க முழிப்போம். முதல் வருஷம் முழிப்போம், அடுத்த வருஷம் சொல்லிடுவோம்.

"பிளேஸ் ஆனா கம்பெனி கார்டுதானே, நமக்கென்ன"ன்னு ஒரு நண்பன் சொன்னான். கம்பெனி கார்டானாலும் அந்தப் பணமும் யாரோ ஒருத்தரோட ஆஃபர் லெட்டராவோ இன்க்ரிமெண்டாவோ ஆகியிருக்க வேண்டியதுதான். அப்பா கார்டுல போனா போன் வரும், கம்பெனி கார்டுல போனா ஒரு மீட்டிங் வரும். ரெண்டிலும் பதில் சொல்லப் போறது நாமதான்.

இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க. பழைய ப்ராஜெக்ட் அக்கவுண்ட் ஏதாவது திறந்து கிடக்கான்னு உங்க டீம் குரூப்ல கேளுங்க. கிடந்தா, உள்ளே போய் எல்லா ரீஜனிலும் ஒரு தடவை பாருங்க. மீட்டர் ஓடற சத்தம் வெளியே கேட்காது.